அழுங்குக்குப் படம் வரைந்தோம், ஆவுளியாவுக்கு என்ன செய்தோம்?

கொஞ்சம் நீண்ட பதிவு. தாழ்வுபாடு, கீரி, தாராபுரம், பேசாலை என்று இந்தத் தீவுக்குள் இருக்கிறவர்களுக்காகவே எழுதுகிறோம். வெளியிலிருந்து வாசிக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். இது வீட்டுக்குள் கதைக்கிற கதை.

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலக அழுங்கு தினம். அதையொட்டித் தரம் 8 பிள்ளைகளுக்கு ஒரு சுவரொட்டி வேலை கொடுத்தோம். அழுங்கு என்றால் என்ன, அதற்கு என்ன ஆபத்து, நாம் என்ன செய்யலாம் என்று படம் வரைந்து எழுத வேண்டும். நன்றாகவே வரைந்தார்கள். செதில் செதிலாகப் பென்சிலால் தீட்டி, நீளமான நாக்கு வரைந்து, பக்கத்தில் கறையான் புற்று. வேட்டைக்காரனுக்கு மீசையும் கறுப்புக் கண்ணாடியும். "அழுங்கைக் கொல்பவன் பாவி" என்று ஒரு பிள்ளை பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நாங்களும் பெருமையாக அதைச் சுவரில் ஒட்டினோம்.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது பின்வாங்கில் இருந்து ஒரு பையன் எழும்பினான். பெயர் வேண்டாம். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை.

"டீச்சர், அழுங்கைப் பிடிக்கிறவங்க பாவி எண்டா, கடல்பன்றி வெட்டுறவங்களும் பாவியா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. சில பிள்ளைகள் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். ஏன் குனிந்தார்கள் என்று எங்களுக்கு விளங்கியது. அந்த இறைச்சி அவர்கள் வீட்டுச் சட்டியில் வெந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் எங்களில் சிலருடைய வீட்டுச் சட்டியிலும் வெந்திருக்கிறது. ஓய்வறைக்குப் போய் அதைப் பற்றிக் கதைத்தபோது, "நான் சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறேன்" என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. அதில் முஸ்லிம்களும் இருந்தோம், கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் தீவில் நல்ல ஒற்றுமை.

அந்தப் பையனுக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது, அது ஒரு சாட்டு. இந்தப் பதிவு அந்தப் பதிலுக்கான முயற்சி.

முதலில் அழுங்கைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட அதை நேரில் கண்டதில்லை. பெருநிலப்பரப்பில், வில்பத்துப் பக்கக் காடுகளில் இருக்கிறது. இராத்திரியில் நடமாடும், எறும்பும் கறையானும் தின்னும், வாயில் ஒரு பல்லும் இல்லை. உடம்பு முழுக்கச் செதில். அந்தச் செதில் என்ன பொருள் என்று கேட்டால் பிள்ளைகள் எலும்பு என்பார்கள், ஓடு என்பார்கள். இரண்டும் இல்லை. நம்முடைய விரல் நகம் எந்தப் பொருளோ அதே பொருள்தான். அந்த நகத்தைப் பொடியாக்கிக் குடித்தால் பால் சுரக்கும், இரத்தம் ஓடும் என்று சீனாவிலும் வியட்நாமிலும் நம்பிய ஆட்களால்தான் உலகிலேயே அதிகம் கடத்தப்படும் காட்டுப் பாலூட்டிகளின் வரிசையில் அழுங்கு முன்னுக்கு நிற்கிறது.

2019 ஏப்ரலில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஒரே வாரத்துக்குள் இரண்டு கொள்கலன்கள் பிடிபட்டன. இரண்டும் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தவை. உள்ளே அழுங்குச் செதில் மட்டும் 25 தொன்னுக்கு மேல். எத்தனை ஆயிரம் உயிர் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்பே, 2016இல் ஜொகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு எட்டு வகை அழுங்குகளையும் சர்வதேச வியாபாரத்திலிருந்து முற்றாகத் தடைசெய்திருந்தது. தடை இருந்தும் கொள்கலன் போனது. ஏனென்றால் மறுகரையில் வாங்குகிற கை இருந்தது. 2020இல் சீனா தன்னுடைய மருந்துப் பட்டியலிலிருந்து செதிலை எடுத்தது. பிடிக்கிறவனைத் துரத்திக்கொண்டிருந்த உலகம், வாங்குகிறவன் பக்கம் திரும்புவதற்கு அவ்வளவு காலம் எடுத்தது.

ஆபத்து வந்தால் அழுங்கு ஓடாது, கடிக்காது. பந்தாகச் சுருண்டு கொள்ளும். சிங்கத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. ஆனால் மனிதனுக்குப் பிரிக்கத் தேவையில்லை. அப்படியே தூக்கிச் சாக்கில் போட்டால் போதும். இலட்சக்கணக்கான வருடமாக அதைக் காப்பாற்றிய பழக்கமே மனிதன் முன்னால் அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்களுக்குச் சுகம். குற்றவாளி தூரத்தில் இருக்கிறான். அவனுடைய மொழி நமக்குத் தெரியாது. அவனுக்கு மீசையும் கறுப்புக் கண்ணாடியும் வரையலாம். அந்தப் பையன் கேட்ட கேள்வி அந்தச் சுகத்தைக் கெடுத்துவிட்டது.

கடல்பன்றி, ஆவுளியா, கடற்பசு. மூன்றும் ஒன்றுதான். பாடப்புத்தகத்தில் கடற்பசு என்று இருக்கும். சிங்களத்தில் முஹுது ஊரா, அதுவும் கடல்பன்றிதான். பெயரில் பன்றி இருக்கிறதே என்று விலகிப்போகிற முஸ்லிம் வீடுகளும் உண்டு, கடலில் இருப்பது எல்லாம் ஆகும் என்று வாங்குகிற வீடுகளும் உண்டு. வாங்குகிற வீடுகளில் கடல்பன்றி என்ற சொல் வராது, ஆவுளியா என்றுதான் வரும். ஹலாலா இல்லையா என்பதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறோம். ஆகுமான ஒன்றையும் அதன் வித்து அற்றுப்போகும்வரை தின்னலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு மதரஸாவில் படித்திருக்க வேண்டும் என்றில்லை.

இந்த மிருகத்துக்கும் நம் தீவுக்கும் உள்ள உறவு பழையது. போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்த அதே 1560ஆம் ஆண்டில், மன்னார்க் கரையில் ஏழு கடற்கன்னிகளும் கடல்மனிதர்களும் வலையில் அகப்பட்டதாக இயேசுசபைக் குருமார் எழுதி வைத்தார்கள். கோவாவிலிருந்த ஆளுநரின் வைத்தியர் அவற்றை அறுத்துப் பார்த்து, உள்ளும் புறமும் மனிதரைப் போலவே இருக்கிறது என்று சொன்னாராம். அந்தக் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் தன்னுடைய இலங்கை விலங்குகள் பற்றிய புத்தகத்தில் எடுத்து எழுதி, அவை ஆவுளியாவாகத்தான் இருக்க வேண்டும் என்றார். குட்டிக்குப் பால் கொடுக்கிற ஒரு மிருகத்தைத் தண்ணீரில் தூரத்தில் கண்ட மாலுமிகளுக்குப் பெண் போலத் தெரிந்திருக்கலாம். கடற்கன்னியைத் தேடி உலகம் முழுக்கப் படம் எடுக்கிறார்கள். நம்முடைய கடற்கன்னியை நாம் கிலோக் கணக்கில் விற்றோம்.

எங்களில் பலர் 1990 ஒக்டோபரில் தீவை விட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். ஒன்று, இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்கள், அல்லது புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டிலுக்குள் பிறந்தவர்கள். கடலை நாங்கள் முதலில் கண்டது பெரியவர்களின் வாய்வழியாகத்தான். அந்தக் கதைகளில் ஆவுளியா வரும். வள்ளத்துக்குப் பக்கத்தில் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழும்பும், பிறகு வாலைக் காட்டிவிட்டுத் தாழும் என்று மூத்தவாப்பாமார் சொல்வார்கள். 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது வயதானவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று, "இப்பவும் கிடக்குதா அது?" போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடைகள் இருந்ததால் கடல் கொஞ்சம் ஓய்வெடுத்தது என்று பலர் சொல்வார்கள். ஓய்வெடுத்த கடலுக்கு நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் வலையோடு திரும்பினோம்.

இப்போது கணக்கு. நாங்கள் வாத்திமார், கணக்குப் போடாமல் விடமாட்டோம்.

ஒரு பெண் ஆவுளியா முதல் குட்டி போடுவதற்குக் குறைந்தது ஆறு வயதாக வேண்டும். சிலது பதினேழு வயதுவரை காத்திருக்கும். வயிற்றில் ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும். ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அதற்கு ஒன்றரை வருடம் அளவுக்குப் பால் கொடுக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று வருடம் தொடக்கம் ஏழு வருடம்வரை போகும். எழுபது வயதுவரை வாழக்கூடிய உயிர். அதனால் அவசரப்படாது. எல்லாம் நன்றாக இருந்தாலும், புல் நிறைய இருந்து, ஒருவரும் தொல்லை கொடுக்காமல் விட்டாலும், ஒரு கூட்டம் வருடத்துக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடாது என்று இதை ஆராய்ந்தவர்கள் கணித்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் ஒரு கடலில் நூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் ஐந்து வலையில் செத்தால் அந்த வருடத்துப் பெருக்கம் முழுவதும் போய்விட்டது. கிழமைக்கு ஒன்று வேண்டாம், மாதத்துக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டரை மாதத்துக்கு ஒன்று. ஆறாவது செத்தால் கூட்டம் தேயத் தொடங்குகிறது. அழுங்குக்கும் இதே கணக்குத்தான், அதுவும் அநேகமாக ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். மீனைப் போல இலட்சம் முட்டை இடுகிற உயிர்களோடு இவற்றை வைத்து, "கடலில் எடுத்தால் குறையுமா" என்று கேட்பதுதான் பிழை.

குறையும். ஆவுளியாவுக்கு ஒரு பெரியம்மா இருந்தது. வட பசுபிக்கின் குளிரில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசு, நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. 1741இல் ஒரு கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய ஆட்களோடு இருந்த ஸ்டெல்லர் என்ற இயற்கையாளர்தான் அதைப் பற்றி முதலில் எழுதினார். பசித்த மாலுமிகள் இறைச்சி நல்ல ருசி என்றார்கள். 1768இல் கடைசி ஒன்றும் போய்விட்டது. கண்டதற்கும் முடிந்ததற்கும் இடையில் 27 வருடம். 2022இல் சீனக் கடலில் ஆவுளியா நடைமுறையில் அற்றுப்போய்விட்டது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் கரையோரத்து மீனவர்கள் அதைக் கண்டிருந்தார்கள்.

சரி, நம் கடலில் அது எப்படிச் சாகிறது? இந்த இடத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கு நியாயமாக இருக்க வேண்டும். கரையில் நின்று சுண்ணக்கட்டி பிடிக்கிற நாங்கள் அவர்களுக்குப் புத்தி சொல்ல முடியாது.

ஆவுளியா புல்லைத் தேடி ஆழம் குறைந்த இடத்துக்கு வருகிறது. நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ கடற்புல் தின்னும். புல் இருக்கிற இடத்தில்தான் மீனும் இருக்கும், நண்டும் இருக்கும். ஆகவே வலையும் அங்கேதான் இருக்கும். திருக்கை வலை போன்ற பெரிய கண் வலைகளை மாலையில் படுத்துவிட்டுக் காலையில் தூக்குகிறோம். ஆவுளியா மீன் அல்ல. நம்மைப் போல மூச்செடுக்கிற உயிர். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூக்கைத் திறக்க வேண்டும். வலையில் மாட்டினால் அது வலையால் சாவதில்லை, மூச்சு முட்டித்தான் சாகும். காலையில் தொழிலாளி வலையைத் தூக்கும்போது அது செத்துக் கிடக்கும். அவன் அதைக் கொல்லப் போகவில்லை. வலையும் கிழிந்து போயிருக்கும். ஒரு வலையின் விலை இப்போது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில் அவன் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. செத்ததைக் கடலில் விட்டுவிட்டு, கிழிந்த வலையோடும் வெறுங்கையோடும் திரும்பலாம். அல்லது ஒரு தொலைபேசி அழைப்பு. கரையில் ஆள் நிற்கும், விடிய முன்னம் வெட்டி முடிந்துவிடும், இருநூறு முந்நூறு கிலோ இறைச்சி கறுப்புப் பைகளுக்குள் போய்விடும். வனஜீவராசிகள் சட்டப்படி அது குற்றம் என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் தெரியும்.

"செத்ததைத் தானே வித்தான், அதில் என்ன பாவம்?" என்று கேட்பவர்களை நாங்கள் நிறையச் சந்தித்திருக்கிறோம். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்த இறைச்சிக்கு நல்ல விலை இருக்கிறது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அடுத்த தடவை வலை எங்கே படுகிறது என்று பாருங்கள். புல்லுத் தரையைத் தேடிப் போய்ப் படும். உயிரோடு மாட்டியதை அறுத்து விடுவதற்குக் கத்தியை எடுக்கிற கை ஒரு நிமிடம் யோசிக்கும். அந்த ஒரு நிமிடம் போதும். தற்செயலை வழக்கமாக மாற்றுவது விலை. அந்த விலையைக் கொடுப்பது யார்?

நாம்தான். கடலுக்குப் போகாத நாம். சம்பளம் எடுக்கிற நாம், வெளிநாட்டில் மகன் இருக்கிற நாம், கடை வைத்திருக்கிற நாம். ஒரு சாதாரண கடற்றொழிலாளியின் வீட்டில் அந்த இறைச்சி ஒரு நேரம் வேகும். மிச்சமெல்லாம் நம்முடைய குளிர்சாதனப் பெட்டிகளுக்குள் இருக்கிறது. "விருந்தாளி வந்திருக்கினம், கொஞ்சம் அந்தச் சாமான் கிடைக்குமா?" என்று கேட்கிற குரல் நம்முடையது. மூட்டு நோவுக்கு நல்லது, உடம்புக்குச் சூடு, பிள்ளை பெற்றவளுக்குப் பலம் என்றெல்லாம் சொல்லித்தான் வாங்குகிறோம். அழுங்கின் நகத்தைக் குடித்துப் பால் சுரக்கும் என்று நம்பிய சீனத்துக்காரனைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நம்மைப் பார்த்து இன்னும் சிரிக்கத் தொடங்கவில்லை.

பிடிபடுவது எப்போதும் வள்ளத்துக்காரன். இதுவரை வாங்கியவர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

டைனமைட்டைப் பற்றித் தனியாக எழுத ஒன்றும் இல்லை. அது பிழை என்று அதைப் போடுகிறவனுக்கே தெரியும்.

இழுவைப்படகு வேறு கதை. எல்லை தாண்டி வரும் இந்திய றோலர்கள் கடலின் அடியை வழித்துக்கொண்டு போவதைப் பற்றி நாம் எல்லோரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். இலங்கையில் 2017இல் சட்டம் திருத்தப்பட்டு அடியிழுவை தடைசெய்யப்பட்டது, அதற்கு நம்முடைய வடக்கு மீனவர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. றோலர் போகிற வழியில் கடற்புல் வேரோடு போகும். கரையில் ஒதுங்கும்போது குப்பை என்று நாம் ஒதுக்குகிற அந்தப் புல்லுக்குள்தான் இறால் குஞ்சும், ஒராவும், நண்டும் வளர்கின்றன. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் கரையொதுங்கியதைச் சாதாளை என்று சொல்லித் தோட்டத்துக்குப் பசளையாகப் போடுவார்கள், அவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆவுளியா அந்தப் புல்லை மேய்வதால் புல் அழிவதில்லை. மாடு மேய்ந்த தரையில் புதுப்புல் துளிர்க்கிற மாதிரித்தான். அது மேய்ந்து போன இடத்தில் தரையில் நீளமாக ஒரு கோடு கிடக்கும். மூழ்கிப் போகிற தம்பிமார் கண்டிருப்பார்கள்.

இனி ஒரு கசப்பான விஷயம். சூழல் பாதுகாப்பு, வனவிலங்கு பாதுகாப்பு என்ற சொற்களைக் கேட்டாலே நம் சமூகத்தில் சிலருக்கு எரிச்சல் வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. மரிச்சுக்கட்டிப் பக்கம் மீளக்குடியேறிய நம் ஆட்களை வில்பத்தை அழிக்க வந்தவர்கள் என்று தெற்கில் வருடக்கணக்கில் எழுதினார்கள். இருபது வருடம் முகாமில் இருந்தவன் திரும்பி வரும்போது அவனுடைய காணியில் வளர்ந்திருந்த மரம் அவனைவிடப் பெரிய பிரஜையாகிவிட்டது. 2017இல் மாவில்லு வர்த்தமானி வந்தபோது அந்தக் காயம் இன்னும் ஆழமானது. ஆகவே "மிருகத்தைக் காப்பாற்று" என்று யாராவது சொன்னால், "எங்களை யார் காப்பாற்றினது?" என்ற கேள்வி நம் வாயில் தானாக வருகிறது. அந்தக் கேள்வி பிழை என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அந்தக் கணக்கை ஆவுளியாவோடு தீர்க்க முடியாது. வர்த்தமானியில் கையெழுத்து வைத்தது அது இல்லை.

இன்னொன்று. தாழ்வுபாட்டுக் கடற்கரையில் நின்று பார்த்தால் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராகத் தீவே தெருவில் இறங்கியது. கோயிலும் பள்ளிவாசலும் சேர்ந்து நின்றன. நாங்களும் நின்றோம். அன்று நம்முடைய பதாகைகளில் என்ன இருந்தது? வலசை வரும் பறவைகள். கடல். மண். எதிர்காலச் சந்ததி. கொழும்பிலிருந்து வந்த ஊடகக்காரரிடம், இந்தத் தீவு உலகத்திலேயே அபூர்வமான இடம் என்று சொன்னோம். உண்மைதான். ஆனால் அந்த அபூர்வத்தில் ஆவுளியாவும் ஒன்று. நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன், "நீங்கள் வெட்டித் தின்னுகிறீர்களே, எங்களிடம் மட்டும் சூழல் கதைக்கிறீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்வியை அவன் கேட்பதற்கு முன்பு நம் பையன் ஒருவன் கேட்டது நல்லது என்று நினைக்கிறோம்.

அக்கரையைப் பாருங்கள். றோலர் விஷயத்தில் தமிழ்நாட்டோடு நமக்குத் தீராத வழக்கு இருக்கிறது, அது ஒரு பக்கம். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் பாக்கு நீரிணையின் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதலாவது. அங்கே வலையில் உயிரோடு மாட்டிய கடற்பசுவை அறுத்து விடுகிற மீனவரை அழைத்து, மேடையில் ஏற்றி, பணமும் பாராட்டும் கொடுக்கிறார்கள். வலை கிழிந்தவனுக்கு அது ஒரு ஆறுதல். இங்கே அப்படி ஒருவரை மேடையில் ஏற்றியதை நாங்கள் காணவில்லை. 2015 தொடக்கம் சில வருடங்கள் ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தின் ஆதரவில் எட்டு நாடுகளில் கடற்பசுவுக்கும் கடற்புல்லுக்கும் ஒரு வேலைத்திட்டம் நடந்தது, இலங்கையும் அதில் ஒன்று. கூட்டம் வைத்தார்கள், பதாகை அடித்தார்கள். திட்டம் முடிந்தது. பதாகை கொஞ்சக்காலம் சில வீடுகளில் கோழிக்கூட்டுக்குக் கூரையாக இருந்தது.

ஆகவே அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை. வலையை வெட்டி ஆவுளியாவை உயிரோடு விடுகிறவனுக்கு அந்த வலையின் பெறுமதியைக் கொடுங்கள். வனஜீவராசிகள் திணைக்களமா, கடற்றொழில் திணைக்களமா கொடுப்பது என்று நீங்களே கதைத்துத் தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த மாதத்துக்குள் கொடுங்கள். செத்து மாட்டியதை வந்து அறிவிக்கிறவனைக் கைது செய்யாதீர்கள். கைது செய்தால் அடுத்தவன் அறிவிக்கமாட்டான், கறுப்புப் பை வாங்குவான்.

மீனவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறோம். புல்லுத் தரை எது எதுவென்று உங்களைவிட ஒருவருக்கும் தெரியாது. அந்தத் தரையில் பெரிய கண் வலையை இரவு முழுக்கக் கிடக்க விடுவதில்லை என்று சங்கமே ஒரு தீர்மானம் எடுத்தால், திணைக்களம் பத்து வருடத்தில் செய்யாததை நீங்கள் ஒரு பருவத்தில் செய்வீர்கள். இதில் எங்களுக்குத் தெரியாத சிக்கல்கள் இருக்கலாம். இருந்தால் வந்து எங்களைத் திட்டுங்கள், கேட்கத் தயார்.

வாங்குகிற நமக்குச் செய்ய வேண்டியது மிகவும் சுலபம். அடுத்த தடவை அந்த அழைப்பு வரும்போது, அல்லது வட்ஸ்அப்பில் "சாமான் வந்திருக்கு" என்று ஒரு வரி வரும்போது, வேண்டாம் என்று சொல்வது. பொலிஸுக்குச் சொல்லத் தேவையில்லை. சண்டை பிடிக்கத் தேவையில்லை. விற்கிறவன் நம் சொந்தக்காரனாகவும் இருப்பான், இது சின்னத் தீவு. "வேணாம் நானா, நாங்கள் இனி எடுக்கிறதில்ல" என்று மட்டும். பத்து வீடு அப்படிச் சொன்னால் விலை இறங்கும். விலை இறங்கினால் அந்த இருட்டில் கத்தியை வைத்துக்கொண்டு யோசிக்கிற அந்த ஒரு நிமிடம் கொஞ்சம் சின்னதாகும். எங்கள் ஓய்வறையில் இருக்கிறவர்கள் எங்களுக்குள் பேசி முடிவெடுத்துவிட்டோம். விருந்தாளி வந்தால் கோழி.

அந்தப் பையனுக்கும் பதில் சொன்னோம், ஒரு கிழமை பிந்தித்தான். வெட்டுகிறவர் பாவி என்று நாங்கள் சொல்லமாட்டோம் தம்பி, நாங்களும் சாப்பிட்டிருக்கிறோம், இனிச் சாப்பிடமாட்டோம் என்று சொன்னோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடைவேளையில் வந்து, தன்னுடைய அப்பப்பா ஒரு தடவை தாயையும் குட்டியையும் ஒன்றாகக் கண்டதாகவும், எஞ்சினை நிற்பாட்டிப் பார்த்துக்கொண்டு இருந்ததாகவும் சொன்னான். எந்த இடம் என்று கேட்டோம். அப்பப்பாவைக் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனான்.

இப்போது அழுங்குச் சுவரொட்டிக்குப் பக்கத்தில் தீவின் வரைபடம் ஒன்று தொங்குகிறது. தெற்குக் கடலில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது, அப்பப்பா சொன்னது. தாழ்வுபாட்டிலிருந்தோ, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைப் பக்கமிருந்தோ, யாராவது ஆவுளியாவை உயிரோடு கண்டிருந்தால், எந்தப் பக்கம், எத்தனை பாகம் ஆழம், எந்த மாதம், குட்டி இருந்ததா என்று வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். எழுதிக் கொடுத்தாலும் சரி. கண்டவர் பெயரைக் கேட்கமாட்டோம், இடத்தையும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே காட்டமாட்டோம். பிள்ளைகள் சிவப்புப் பேனையோடு காத்திருக்கிறார்கள்.